இலவச லினக்ஸில் எதற்கு இத்தனை சண்டை?

ஒரு சனிக்கிழமை ராத்திரி. சேந்தமங்கலத்தில் எங்கள் சித்தி வீட்டில் உட்கார்ந்து, சித்தி மகளின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் வாங்கிய பழைய லேப்டாப் அது. உள்ளே இருந்த விண்டோஸ் ஒரிஜினல் இல்லை. அடிக்கடி அப்படியே நின்றுவிடுகிறது என்றாள். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த சாப்ட்வேர் என்ஜினீயர் அண்ணன் சும்மா இருப்பேனா? "லினக்ஸ் போட்டுத் தர்றேன். காசு கிடையாது, வைரஸ் தொல்லையும் குறைவு" என்று ஆரம்பித்துவிட்டேன்.

என் பழைய பென்டிரைவில் டெபியன் குடும்பத்து லினக்ஸ் ஒன்று 2021-லிருந்து கிடந்தது. அதையே போட்டேன். நடுவில் ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமல் அடுத்த பக்கம் போனேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. திரை பளிச்சென்று வந்தது. வை-ஃபை மட்டும் வரவில்லை. ஆஃப் ஆகிவிட்டதா என்று தேடினால், வை-ஃபை என்ற பெயரே மெனுவில் இல்லை!

அவளுக்கு அப்போது என்ஜினீயரிங் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்தது. கல்லூரிகளின் விருப்பப் பட்டியலைப் பதிய மறுநாள் மாலை வரைதான் நேரம். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிக் குறியீடுகளைச் சின்னப் போன் திரையில் வரிசைப்படுத்தினால் தப்பு வரும் என்றுதான் லேப்டாப்பையே நம்பியிருந்தாள். மறுநாள் ஞாயிறு, பிரவுசிங் சென்டர் திறக்காது. இருந்த விண்டோஸையும் நான் அழித்துவிட்டேன். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

கடைசியில் என் போனை யு.எஸ்.பி. கேபிளில் சொருகி, போன் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' போட்டதும் நெட் வந்தது. பட்டியலும் பதிந்தாயிற்று. பிறகுதான் அவள் கேட்டாள்: "ஏண்ணா, வை-ஃபை ஏன் வரலை?" அந்த ஃபைலைச் சேர்க்கலாமா, கூடாதா என்று லினக்ஸ்காரர்களுக்குள் பல வருடமாகச் சண்டை என்றேன். "இலவசம்னுதானே சொன்னீங்க? இலவசத்துல என்ன சண்டை?"

நல்ல கேள்வி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலர் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்வி வரும். பதில் 'லைசென்ஸ்' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது.

இலவசம் வேறு, உரிமை வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நீங்கள் காசு கொடுத்து ஒரு சாப்ட்வேர் வாங்கினால், அந்த சாப்ட்வேரே உங்களுக்குச் சொந்தமாவதில்லை. அதை இன்னின்ன விதத்தில் பயன்படுத்தலாம் என்ற அனுமதிதான் உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த அனுமதிச் சீட்டுதான் லைசென்ஸ். இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமலே 'ஐ அக்ரீ' என்று க்ளிக் செய்கிறோமே, அதுதான்.

காசில்லாமல் கிடைக்கும் சாப்ட்வேருக்கும் லைசென்ஸ் உண்டு. எழுதியவருக்குக் காப்பிரைட் இருக்கும்வரை, அவர் சொன்ன நிபந்தனைப்படிதான் நாம் பிரதி எடுக்கவும் மாற்றவும் முடியும். ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரில் இந்த நிபந்தனை தாராளமானது. பயன்படுத்தலாம், சோர்ஸ் கோடைப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். சோர்ஸ் கோட் என்பது புரோகிராமர் எழுதிய மூல வடிவம். அது கையில் இல்லாவிட்டால் ஒரு புரோகிராமைத் திருத்துவது மிகக் கடினம்.

சரி, எல்லாவற்றையும் அனுமதித்துவிட்ட பிறகு சண்டை எங்கே வருகிறது? 'பிறருக்குக் கொடுக்கும்போது' என்ற இடத்தில்தான் வருகிறது.

கொல்லிமலை விதைக் கணக்கு

எங்கள் ஊரிலிருந்து காரவள்ளி போய், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. சாமை, தினை, கேழ்வரகுக்குப் பேர்போன மலை. பழைய சிறுதானிய ரகங்கள் அழிந்துபோகாமல் இருக்க, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அங்கே கிராம விதை வங்கிகள் நடத்தினார்கள். விதையைக் கடனாக வாங்கி விதைக்கலாம். அறுவடையானதும் வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும்.

லைசென்ஸ்களையும் இப்படிப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

கடையில் விற்கும் கம்பெனி விதைப் பாக்கெட் மாதிரி சில சாப்ட்வேர்கள். விதைக்கலாம், எப்படி உருவானது என்று சொல்ல மாட்டார்கள். விண்டோஸ் இந்த வகை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படி விதையைக் கொடுத்து, "என்ன வேணா பண்ணிக்கோ, கொடுத்தது நான்னு மட்டும் சொல்லிடு" என்பது இரண்டாவது வகை. பி.எஸ்.டி., எம்.ஐ.டி. லைசென்ஸ்கள் இப்படி. நீங்கள் அதை மாற்றி, மூடி வைத்து, விற்கவும் செய்யலாம்.

மூன்றாவது வகை ஜி.பி.எல். "இதை நீ யாருக்குக் கொடுத்தாலும், நான் உனக்குக் கொடுத்த அதே உரிமையோடுதான் கொடுக்க வேண்டும்" என்பது இதன் நிபந்தனை. விதை வங்கி மாதிரி, கிடைத்தது நின்றுபோகாமல் அடுத்தவருக்கும் போக வேண்டும் என்ற எண்ணம். ஒரு வித்தியாசம் உண்டு. ஜி.பி.எல்.லில் முதலில் கொடுத்தவருக்கே திருப்பித் தர வேண்டியதில்லை. யாருக்குப் புரோகிராமைக் கொடுக்கிறீர்களோ அவருக்கு சோர்ஸ் கோடும் கிடைக்க வழி செய்ய வேண்டும். மாற்றி உங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் யாரும் கேட்க முடியாது.

ஜி.பி.எல்.லை எழுதியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். முதல் பதிப்பு 1989, இரண்டாம் பதிப்பு 1991. அதே 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. முதலில் அவர் வைத்த நிபந்தனைப்படி அதைக் காசுக்கு விற்கக் கூடாது. 1992-ல் அதை எடுத்துவிட்டு ஜி.பி.எல்.லுக்கு மாறினார். அதன்பின் கம்பெனிகளும் தயங்காமல் லினக்ஸை சி.டி.யில் போட்டு விற்க முடிந்தது.

நம் ஊருக்கு வந்த லினக்ஸ்

இந்த விதை நம் ஊருக்கும் வந்தது. 2005-ல் மத்திய அரசு உதவியோடு, சென்னையில் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து ஓப்பன் சோர்ஸுக்கான தேசிய மையத்தைத் தொடங்கின. சி-டாக் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் அது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மெனுக்கள் வரும்.

பாஸ் அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டதல்ல. டெபியன் என்ற லினக்ஸை எடுத்து நமக்கேற்ப மாற்றியது. எந்த நாட்டு அரசு நிறுவனமும் யாரிடமும் கேட்காமல் இப்படிச் செய்யலாம் என்பதே இந்த லைசென்ஸ்களின் பலன்.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் பல மாணவர்களின் வீட்டுக்கு வந்தது. 2014-ல் நான் பிளஸ் டூ படித்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. ஆன் செய்ததும் 'விண்டோஸா, பாஸா?' என்று கேட்கும். பாஸ் என்றால் என்ன என்று எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. 'இடத்தை அடைக்குது' என்று பாதிப்பேர் அழித்துவிட்டார்கள். நான் ஆர்வக்கோளாறில் திறந்து பார்த்தேன். இன்று நான் செய்யும் வேலைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

இனி சண்டைகளுக்கு வருவோம். மூன்றே மூன்று.

முதல் சண்டை: திரை அழகுதான், அடித்தளம் யாருடையது?

லினக்ஸில் மெனு, ஐகான், விண்டோ எல்லாம் தருவது 'டெஸ்க்டாப்' என்ற தனி சாப்ட்வேர். 1996-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் எட்ரிச் 'கே.டி.இ.' என்ற டெஸ்க்டாப்பை ஆரம்பித்தார். பார்க்க அழகு. ஆனால் அது 'க்யூட்டி' என்ற, ஒரு கம்பெனிக்குச் சொந்தமான சாப்ட்வேரின் மேல் கட்டப்பட்டது. அந்த க்யூட்டியின் லைசென்ஸ் அப்போது முழு உரிமை தரவில்லை.

"நம் வீட்டைப் பிறர் மனையில் கட்டுவதா?" என்று ஒரு கூட்டம் எதிர்த்தது. 1997-ல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மெனாவும் 'க்னோம்' என்ற வேறொரு டெஸ்க்டாப்பைத் தொடங்கினார்கள். கடைசியில் 2000-ல் க்யூட்டியும் ஜி.பி.எல்.லில் வெளிவந்தது. சண்டைக்குக் காரணமே போய்விட்டது. ஆனால் இரண்டு டெஸ்க்டாப்களும் நின்றுவிட்டன. லினக்ஸ் போடும்போது 'க்னோமா, கே.டி.இ.யா?' என்று கேட்டால் குழம்ப வேண்டாம். ஒரு லைசென்ஸ் தகராறில் பிறந்த கேள்வி அது. எதை எடுத்தாலும் நன்றாகவே இருக்கும்.

இரண்டாம் சண்டை: சோர்ஸ் கோட் கிடைத்தால் போதுமா?

அமெரிக்காவில் 'டிவோ' என்று டி.வி. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே லினக்ஸ். ஜி.பி.எல். கேட்டபடி சோர்ஸ் கோடையும் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் அதை மாற்றி அதே பெட்டியில் ஏற்றினால் பெட்டி ஓடாது. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும் பூட்டு அதில் இருந்தது.

"விதையைக் கொடுத்துவிட்டு, உன் நிலத்தில் விதைக்கக் கூடாது என்பதா?" என்பது ஸ்டால்மனின் வாதம். இதைத் தடுக்க ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பைத் தயாரித்தார். 2006 ஜனவரியில் முதல் வரைவு வந்தது. பல நாடுகளில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். அதில் நான்காவது சர்வதேச மாநாடு நம் பக்கத்திலேயே, பெங்களூர் ஐ.ஐ.எம்.மில் 2006 ஆகஸ்டில் நடந்தது. ஸ்டால்மன் நேரில் வந்து பேசினார்.

டோர்வால்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் சோர்ஸ் கோடைக் கொடுத்தேன், நீ மாற்றினால் அந்த மாற்றத்தைக் காட்டு. என் எதிர்பார்ப்பு அவ்வளவுதான். பெட்டியை எப்படிச் செய்கிறாய் என்பது உன் விஷயம்" என்பது அவர் நிலை. 2006 செப்டம்பரில் முக்கியமான கெர்னல் புரோகிராமர்கள் பத்துப் பேர் புது வரைவை எதிர்த்து அறிக்கை விட்டார்கள். மூன்றாம் பதிப்பு 2007 ஜூன் 29 அன்று வெளிவந்தது. லினக்ஸ் கெர்னல் இன்றுவரை இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் எழுதிய கோட் அது. ஒவ்வொருவருக்கும் தன் பகுதியில் காப்பிரைட் உண்டு. இனி மாற்ற நினைத்தாலும் அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்குவது நடக்கிற காரியமல்ல.

இது உங்களுக்கு எதற்கு? உங்கள் ஆண்ட்ராய்டு போனைக் கையில் எடுங்கள். அதன் உள்ளேயும் லினக்ஸ் கெர்னல்தான். ஆனாலும் பல போன்களில் நாமாக வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் போட முடியாது, கம்பெனி பூட்டியிருக்கும். அப்டேட் நின்றதும் நல்ல போன்கூட பழசாகிவிடுகிறது. அந்தப் பூட்டைக் கெர்னலின் லைசென்ஸ் தடுக்காததற்கு 2006-ல் நடந்த இந்தச் சண்டையின் முடிவு ஒரு காரணம். அதே சமயம், பூட்ட முடிந்ததால்தான் பல கம்பெனிகள் தயங்காமல் லினக்ஸை எடுத்தன என்றும் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

மூன்றாம் சண்டை: தங்கை வீட்டு வை-ஃபை

இப்போது சேந்தமங்கலத்துக்குத் திரும்புவோம்.

வை-ஃபை சிப் என்பதும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி. அது வேலை செய்ய அதற்கென ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். அதன் பெயர் ஃபர்ம்வேர். பல சிப்களில் இது உள்ளேயே நிரந்தரமாக இருக்காது. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதும் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் சிப்புக்கு அதை ஊட்ட வேண்டும்.

இந்த ஃபர்ம்வேரைப் பெரும்பாலும் சிப் கம்பெனிகளே எழுதுகின்றன. சோர்ஸ் கோட் தர மாட்டார்கள். "மாற்றாமல் அப்படியே பிறருக்குக் கொடுக்கலாம்" என்ற அளவில் அனுமதிப்பார்கள். சிலர் அதையும் அனுமதிப்பதில்லை.

டெபியன் 1993-ல் தொடங்கியது. 1997-லேயே பயனாளர்களுக்கு 'சமூக ஒப்பந்தம்' என்று எழுத்தில் வாக்குக் கொடுத்தது. 'டெபியன் முழுவதும் கட்டற்ற சாப்ட்வேராகவே இருக்கும்' என்பது அதில் ஒன்று. 'பயனாளர்களின் தேவைக்கு முதலிடம் தருவோம்' என்பது இன்னொன்று. ஃபர்ம்வேரில் இந்த இரண்டும் மோதின. சேர்த்தால் முதல் வாக்கு போகும். சேர்க்காவிட்டால் பயனாளர் நெட் இல்லாமல் நிற்பார்.

ஒரு தரப்பு சொன்னது: "மூடிய புரோகிராமை நாமே சி.டி.யில் போட்டுக் கொடுத்தால், சிப் கம்பெனிகள் எந்தக் காலத்தில் சோர்ஸ் கோடைத் திறக்கும்? அந்தப் புரோகிராமில் ஓட்டை இருந்தால் நம்மால் அடைக்கவும் முடியாதே?" மறுதரப்பு சொன்னது: "இன்ஸ்டாலே செய்ய முடியாவிட்டால் சுதந்திரத்தை வைத்து என்ன செய்வது? பார்வையற்றவர்கள் குரல் உதவியோடு இன்ஸ்டால் செய்கிறார்கள். சவுண்ட் சிப்புக்கே ஃபர்ம்வேர் வேண்டியிருந்தால் அவர்கள் கதி என்ன?"

2004, 2006, 2008 என்று இந்த விவகாரம் ஓட்டெடுப்பு வரை போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் 'இந்த ஒரு வெளியீட்டுக்கு மட்டும்' என்ற மாதிரி தற்காலிக வழிதான் கிடைத்தது. ஃபர்ம்வேர் சேர்த்த தனி சி.டி. ஒன்றும் இருந்தது. ஆனால் அதிகாரபூர்வமானது இல்லை என்பதால், புதியவர்கள் கண்ணில் சுலபமாகப் படாது.

2022 அக்டோபரில் ஓட்டெடுப்பின் முடிவு வந்தது. சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, தேவையான ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ சி.டி.யிலேயே சேர்க்கலாம் என்று முடிவானது. வேண்டாம் என்பவர்கள் இன்ஸ்டால் செய்யும் ஆரம்பத்திலேயே அதை நிறுத்திவிடலாம். 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12-தான் இப்படி வந்த முதல் வெளியீடு.

என் பென்டிரைவில் இருந்தது 2021-ஆம் வருடப் பிரதி, அதாவது ஓட்டெடுப்புக்கு முந்தையது! பிறகு புதிய பிரதியைப் போட்டேன். அதே லேப்டாப், அதே சிப். வை-ஃபை பட்டியல் தானாக வந்து நின்றது. இரண்டு பிரதிகளுக்கும் நடுவில் மாறியது ஒரு லைசென்ஸ் முடிவு. அதைத் தெரிந்துவைத்திருந்தும் எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டியது என் தப்பு.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. லினக்ஸ் போடும் முன் புதிய வெளியீட்டையே டவுன்லோடு செய்யுங்கள். பழைய பென்டிரைவை நம்பாதீர்கள்.

2. இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கும் 'லைவ்' பிரதி கிடைக்கும். பென்டிரைவிலிருந்து அதை ஓட்டி, வை-ஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் வந்த பிறகு ஹார்டு டிஸ்க்கைத் தொடுங்கள்.

3. 'ஃபர்ம்வேர் இல்லை' என்ற எச்சரிக்கை வந்தால் நிறுத்துங்கள். ஃபைலின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வை-ஃபை வராவிட்டால் போனை கேபிளில் இணைத்து யு.எஸ்.பி. டெதரிங் போடுங்கள். பெரும்பாலான லினக்ஸ்களில் அது உடனே வேலை செய்யும். வந்த நெட்டை வைத்து ஃபர்ம்வேரை இறக்கிக்கொள்ளலாம்.

5. உங்கள் லைசென்ஸை நீங்களே பாருங்கள். விண்டோஸில் 'ரன்' பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் வரும் சின்ன விண்டோவில் லைசென்ஸ் விதிகளுக்கான இணைப்பு இருக்கும். டெபியன், உபுண்டு, பாஸ் போன்றவற்றில் 'யுஎஸ்ஆர்' ஃபோல்டருக்குள் 'ஷேர்', அதற்குள் 'டாக்' என்று போங்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் 'காப்பிரைட்' என்ற ஃபைலைத் திறந்தால் யார் எழுதியது, என்ன லைசென்ஸ் என்பது தெரியும்.

6. மூடிய ஃபர்ம்வேர் ஒன்றுகூட வேண்டாம் என்று கொள்கையாக இருப்பவர்களுக்கு 'டிரிஸ்க்வெல்' போன்ற லினக்ஸ்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கேற்ற வை-ஃபை சிப் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாக

என் தங்கையின் கேள்விக்கு வருவோம். இலவசத்தில் என்ன சண்டை? காசுக்காக மட்டும் செய்த பொருளாக இருந்தால் இந்தச் சண்டைகளை ஆபீஸ் அறைக்குள் நாலு பேர் பேசி முடித்துவிடுவார்கள். நமக்குத் தெரியக்கூட தெரியாது. லினக்ஸில் அது ஊரறிய நடக்கிறது; ஓட்டெடுப்பும் நடக்கிறது. அதில் தோற்றவர் கோபித்துக்கொண்டு தனியாக ஒரு லினக்ஸ் செய்யவும் லைசென்ஸ் இடம் கொடுக்கிறது. சத்தம் அதிகமாகக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

அவள் இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்த லேப்டாப்பில் ஏதோ புது சாப்ட்வேர் போட்டுக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் பக்கம் வந்தது. அவசரமாக 'அடுத்து' என்பதை அழுத்தப் போனேன். "இருங்கண்ணா, படிச்சுட்டு அழுத்தறேன்" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.